எண்ணுவதற்காகக் கொல்லலாமா?

லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் 1834ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வந்தது. சூரத் நகரத்து வணிகர்கள் நடத்திவந்த விலங்கு மருத்துவமனையைப் பற்றியது. எழுதியவர் அலெக்ஸாண்டர் பர்ன்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. அங்கே கிடந்த கிழட்டுக் கால்நடைகளைவிட அவரைத் திகைக்கவைத்தது நுழைந்ததும் இடப்பக்கம் இருந்த ஒரு கட்டடம். தரையிலிருந்து சுமார் எட்டடி உயரத்தில் பலகைத் தளம். அதில் துளைகள். துளை வழியே கீழே தானியத்தைக் கொட்டுவார்கள். கொட்டிய தானியத்தில் பூச்சிகள் பிறந்து, தின்று, பெருகிக் கிடந்தன. பர்ன்ஸ் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். தானியத்தின் சாயலே இல்லை. கைக்குள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. அந்த வணிகர்களை ஏமாளிகள் என்றே அவர் எழுதிவைத்தார்.

அகமதாபாத் முதலான குஜராத் நகரங்களில் பாஞ்சராபோல் எனப்படும் விலங்குக் காப்பகங்களிலும் இப்படி ஓர் அறை உண்டு. ஜீவாத் கானா என்பார்கள். தானியக் கடையில் கூட்டிப் பெருக்கிய குப்பையையும் வண்டு விழுந்த தானியத்தையும் சமணக் கடைக்காரர்கள் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அறை நிரம்பியதும் பூட்டிப் பல ஆண்டுகள் விட்டுவிடுவார்கள். மண்ணைக் கிளறினால் உயிர்கள் சாகும் என்று உழவை விட்டு வணிகத்துக்கு வந்த சமூகம் அது. வந்து அமர்ந்ததோ தானியக் கடையில். வண்டு அங்கேயும் வந்துவிட்டது.

இன்றைய கிடங்கில் அதே வண்டுக்கும் அந்துக்கும் உள்ளங்கையளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முக்கோணமாக மடித்த அட்டை, உள்ளே பசை, நடுவில் விரல்நுனி அளவு ரப்பர் மூடி. ரப்பரில் ஊறியிருப்பது ஒரு மில்லிகிராம் அளவிலான செயற்கை வாசனை. இதுதான் இனக்கவர்ச்சிப் பொறி. மாவு, உலர்பழம், கொட்டைகளைக் கெடுக்கும் பிளோடியா அந்துவின் பெண், துணையைக் கூப்பிட விடும் மணம் இன்னதென்று 1971இல் கண்டறிந்தார்கள். ஆலையில் தயாரித்த அதே மணத்தை மோப்பம் பிடித்து ஆண் அந்து வருகிறது, பசையில் ஒட்டுகிறது, சாகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஊழியர் அட்டையை இறக்கி எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்.

இந்தப் பொறி தானியத்தைக் காப்பதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதில் விழுபவை ஆண் அந்துகள். முட்டையிடும் பெண் அந்து பொறிப் பக்கமே வருவதில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது என்பதால், பத்து ஆண்கள் குறைந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கூன்வண்டு, சிவப்பு மாவு வண்டு, தானியத் துளைப்பான் ஆகியவற்றின் கதை கொஞ்சம் வேறு. மாதக்கணக்கில் வாழும் இவற்றில் மணம் விடுவது ஆண். ‘இங்கே தீனி இருக்கிறது, கூடுங்கள்’ என்ற அழைப்பு அது. ஆணும் வரும், பெண்ணும் வரும். அந்துக்குக் கல்யாண ஓலை, வண்டுக்குப் பந்திக்கு அழைப்பு. இரண்டிலும் வந்து விழுவது கிடங்கில் இருக்கும் கூட்டத்தில் மிகச் சிறு பங்குதான். கிடங்குக்காரருக்கு வேண்டியதும் அவற்றின் எண்ணிக்கையே. எந்த அட்டியின் பக்கம் கூடுகிறது, போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா, மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டதா என்று அறியத்தான் அவை சாகின்றன.

எலிப்பொறியில் மாட்டும் எலி நெல்லைத் தின்றதால் மாட்டியது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அட்டையில் ஒட்டிய ஆண் அந்துவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வளர்ந்த அந்து தானியத்தைத் தின்பதே இல்லை. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். தகவலுக்காக மட்டும் ஓர் உயிரைக் கொல்லலாமா?

சமண நூல்கள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன. வேண்டுமென்றே கொல்வது சங்கல்பி. சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. துறவிக்கு நான்கும் விலக்கு. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். பொறியை எதில் சேர்ப்பது? தற்காப்பு என்றால், அது எதையும் தடுப்பதில்லை. தொழிலின் பக்கவிளைவு என்றால், கொலைதான் அதன் வேலையே. பார்க்கப்போனால் அது சங்கல்பியின் வாசலில் போய் நிற்கிறது. கிடங்கு முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடி, நச்சுவாயு மாத்திரை வைத்து லட்சக்கணக்கில் கொல்பவருக்கோ தற்காப்பு என்ற சமாதானம் கிடைத்துவிடுகிறது. விசித்திரமான தீர்ப்புதான். ஆனால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

‘சிலதைக் கொன்று பலதைக் காக்கிறோம், இதில் என்ன தவறு?’ என்று கேட்கலாம். பொறியின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மருந்தடிப்பைத் தள்ளிப்போடலாம். கிடங்கில் திரியும் சிலந்தியும் ஒட்டுண்ணிக் குளவியும்கூடப் பிழைக்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைச் சமண மரபு எப்போதோ கேட்டு மறுத்திருக்கிறது. சூத்ரகிருதாங்கம் என்ற சமண ஆகமத்தில் ஆர்த்ரகர் என்ற சமணர் பலரோடு வாதிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. அவர் சந்திப்பவர்களில் யானைத் துறவிகளும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு யானையைக் கொன்று அதன் இறைச்சியில் காலம் தள்ளுகிறோம், மற்ற எண்ணற்ற உயிர்கள்மீது கருணை கொண்டே இப்படி வாழ்கிறோம் என்கிறார்கள் அவர்கள். கூட்டல் கழித்தல் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு யானையா, ஒரு வருடச் சோற்றில் சாகும் ஆயிரமாயிரம் சிற்றுயிர்களா? ஆர்த்ரகர் ஏற்கவில்லை. ஆண்டுக்கு ஒன்றுதான் என்றாலும் அதைக் கொல்லும் எண்ணத்தோடுதானே கொல்கிறீர்கள் என்பது அவர் பக்கம். பிற்காலத்து அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்யுபாயத்தில் இதையே விதியாக்குகிறார். கொடிய விலங்கு ஒன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்கும் என்று எண்ணிக்கூடக் கொல்லாதே என்கிறார். பொறிக்கு வக்காலத்து வாங்குபவரின் முதல் வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது.

ஆனால் அதே மரபில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிரைப் போக்குவது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தால், அதாவது அசட்டையால் உயிரைப் போக்குவது என்கிறது. அமிர்தசந்திரரோ ஒரு படி மேலே போகிறார். அசட்டையாக நடப்பவன் காலடியில் எதுவும் சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே. கவனத்தோடு நடப்பவன் காலடியில் ஒன்று செத்தாலும் அவன் செய்தவனல்ல. சமணத் துறவி நடக்கும்போது முன்னே நான்கு முழம் பார்த்து நடப்பதும், உட்காரும் இடத்தை மென்மையாகப் பெருக்குவதும், தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும், பொழுது சாய்ந்தபின் உண்ணாததும் இந்த இலக்கணத்தின் நடைமுறைகள். உண்ணா நோன்பைவிடப் பார்ப்பதுதான் அங்கே பெரிய தவம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இந்தக் கண்ணோடு நம் கிடங்கைப் பார்க்கலாம். பொறி வருவதற்கு முன் பெரும்பாலும் நடந்தது நாட்காட்டி பார்த்து மருந்தடிப்பது. பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கெடு வந்தால் மாத்திரை. மூன்று கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். பூச்சி மூச்சு வாங்கும் துளைகள் வழியே அது உள்ளே போகும். மனிதர் மூச்சில் ஏறினால் மனிதரையும் கொல்லும். பாய் ஓட்டையாக இருந்து வாயு கசிந்தால் பலவீனமானவை சாகும், தாங்கியவை பிழைத்துப் பெருகும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1970களின் தொடக்கத்தில் நடத்திய உலக ஆய்விலேயே பாஸ்பீனுக்கு மசியாத பூச்சிகள் தென்பட்டன. இன்று இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தானியத் துளைப்பானிலும் மாவு வண்டிலும் கடும் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. மாற்று என்றிருந்த மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகளில் 2005லும் வளரும் நாடுகளில் 2015லும், தனிமைப்படுத்தல் போன்ற சில தேவைகள் நீங்கலாக, விலக்கப்பட்டுவிட்டது. அமிர்தசந்திரர் சொன்ன அசட்டைக்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பொறி இந்த அசட்டையைக் கலைக்கிறது. பொறியைக் குறித்துச் சொல்லத்தக்கது அதுதான். கொலையின் கணக்கில் அது லாபமா நட்டமா என்பதல்ல. பதிவேட்டில் எண் ஏறிய பிறகு கிடங்குக்காரர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. மூன்று அந்து விழுந்த வாரத்தில் பழக்கதோஷத்தில் மாத்திரை வைத்தால் அது அவர் அறிந்து செய்தது. முப்பது விழுந்தும் சும்மா இருந்து, மூட்டை மூட்டையாகக் கெட்டபின் மொத்தக் கிடங்கையும் நச்சுவாயுவில் மூடினால் அதுவும் அறிந்து செய்ததே.

அறியாமல் செய்ததற்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி அதே ஆர்த்ரகர் அத்தியாயத்தில் பௌத்தரோடு நடக்கும் வாதமாக வருகிறது. ஒருவன் புண்ணாக்குக் குவியலை மனிதன் என்று எண்ணி ஈட்டியால் குத்தினால் அவன் கொலையாளி. குழந்தையைச் சுரைக்காய் என்று எண்ணிச் சுட்டால் கொலையாளி அல்ல என்பது பௌத்தர் வாதமாக அங்கே வைக்கப்படுகிறது. எதிராளியின் கருத்தைக் கேலிக்குரியதாக்கிச் சொல்லும் பழைய உத்திதான். பௌத்தர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வினைக்கு வேர் எண்ணமே என்பது அவர்கள் நிலை. சமணரின் மறுகேள்வியும் கூர்மையானது: குழந்தைக்கும் சுரைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பார்க்காமல் இருந்தது யார் குற்றம்?

கிடங்கில் இந்த மறுகேள்விக்கு எடை கூடுகிறது. கூன்வண்டு அரிசிமணியில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் வாயை மூடிவிடும். புழு உள்ளேயே தின்று உள்ளேயே கூட்டுப்புழுவாகி, சுமார் ஒரு மாதம் கழித்து வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதுவரை மணி முழுசாகத்தான் தெரியும். அதை உலையில் போடுபவர் ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்வது பொய்யல்ல. மனுஸ்மிருதி இல்லறத்தாரின் ஐந்து கொலைக்களங்கள் என்று அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம், உரல் உலக்கை, தண்ணீர்க்குடம் ஆகியவற்றைச் சொல்லி அவற்றுக்குக் கழுவாயாக ஐந்து வேள்விகளை விதிக்கிறது; தவிர்க்கவே முடியாது என்ற ஒப்புதல் அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடமும் அந்த ஒப்புதல் உண்டு, வேள்விதான் இல்லை. 50 கிராம் கோதுமை மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்குகளுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் காரணத்துக்காக அது நடவடிக்கை எடுப்பதில்லை.

இனி, ஏமாற்றும் விஷயம். இல்லாத பெண்ணின் மணத்தைக் காட்டி ஆணை வரவழைப்பது வஞ்சனை அல்லவா? அமெரிக்கக் கண்டத்தின் போலாஸ் சிலந்தியும் பெண் அந்துவின் மணத்தை விட்டுத்தான் ஆண் அந்துவைப் பிடிக்கிறது. இயற்கையில் நடக்கிறது என்பது அறத்துக்குச் சான்றாகாது. ஆனாலும் சொல்லின்றி நடக்கும் இந்த ஏமாற்றைப் பொய் என்ற தலைப்பில் சேர்ப்பது அதிகப்படி. பொய்க்குக் கேட்பவரின் நம்பிக்கை வேண்டும். அந்துவிடம் இருப்பது நம்பிக்கையா, உணர்கொம்பில் எழும் தூண்டலா என்று நமக்கே தெளிவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தி எறும்பையும் கறையானையும் மூவறிவில் வைக்கிறது. அந்த மூன்றாவது அறிவு மூக்கு. சமணரின் புலன் வரிசையிலும் மூன்றாவது மோப்பம்தான். பொறி குறிவைப்பது அந்தப் படியை. அதற்கு மேலே வலி, விருப்பம் போன்றவை பூச்சிக்கு உண்டா? 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான விலங்கு உணர்வு குறித்த பிரகடனத்தில் அறிவியலாளர்களும் தத்துவவாதிகளும், பூச்சிகள் உள்ளிட்ட பல முதுகெலும்பற்ற உயிர்களிலும் உணர்வனுபவம் இருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்று கையெழுத்திட்டார்கள். அவ்வளவே, கூன்வண்டுக்கு வலிக்கும் என்று யாரும் நிறுவிவிடவில்லை.

விலங்குகளுக்கு நேரடிக் கடமை எதுவும் நமக்கில்லை என்ற காண்ட் இங்கே ஒரு நல்ல சம்பவத்தைச் சொல்கிறார். லைப்னிட்ஸ் ஒரு பூச்சியை நுண்ணோக்கியில் கூர்ந்து பார்த்து முடித்ததும் அதைப் பத்திரமாக இலைமேலேயே திரும்ப விட்டாராம். அதைப் பார்த்ததில் தாம் கற்றுக்கொண்டோம், அதனிடம் ஏதோ நன்மை பெற்றோம் என்ற எண்ணம் அவருக்கு. இனக்கவர்ச்சி அறிவியலின் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் தொடங்கியது. 1959இல் அடால்ஃப் புட்டெனான்ட் முதன்முதலாக ஒரு பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுத்தபோது, சில மில்லிகிராம் பெற அவர் குழுவுக்குத் தேவைப்பட்டவை சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகள். பெற்ற அறிவுக்குக் கடன் உண்டு என்ற லைப்னிட்ஸின் எண்ணம் சரியென்றால், அட்டையில் ஒட்டிய அந்துவிடம் கிடங்குக்காரருக்கும் ஒரு கடன் உண்டு. அதை இலைமேல் விட முடியாது. சொன்ன சேதியை வாசிக்கலாம். ஆய்வுக்கு வருபவர் கண்ணில் படுவதற்காக மாட்டிவிட்டு, தூசி படிந்து, மணம் தீர்ந்து, எண்ணாமல் தொங்கும் பொறிகள் ஊர் ஊராக இருக்கின்றன. யானைத் துறவிகளிடம்கூட இல்லாத குற்றம் அது. அவர்கள் கொன்ற யானையைத் தின்னவாவது செய்தார்கள்.

எண்ணுவதற்குக் கொல்லத்தான் வேண்டுமா? கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப்பொறிக்கு மணமும் வேண்டாம், பசையும் வேண்டாம். சிறு துளைகள் இட்ட குழாயைத் தானியத்துக்குள் செருகிவைத்தால் போதும். காற்றோட்டம் தேடித் திரியும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழும். மறுநாள் உருவிப் பார்க்கும்போது உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும். எண்ணிவிட்டு விட்டுவிடவும் செய்யலாம், யாராவது விடுவார்களா என்பது வேறு. நம் வீடுகளில் அரிசியை முற்றத்துப் பாயில் பரப்பி வெயில் காட்டும்போதும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. சூடு ஏற ஏற வண்டுகள் பாயின் ஓரம் நோக்கி வரிசையாக நடக்கத் தொடங்கும். புடைக்க உட்கார்ந்தவர் அந்த வரிசையைப் பார்த்தே எவ்வளவு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு டப்பாவில் வேப்பிலையோ வசம்போ போட்டு மூடுவார். வந்தவாசி, திருவண்ணாமலை வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்களில் கணிசமானோர் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் உழவர்கள். குஜராத் வணிகர் விட்டுவிலகிய மண்ணை அவர்கள் விடவில்லை. உத்யோகி என்ற பிரிவு எவ்வளவு தேவையானது என்பதற்கு அவர்கள் வயலே சாட்சி.

கொல்லாத வழி ஒன்று நவீன அறிவியலிலும் உண்டு. அதே பெண் மணத்தைப் பொறியில் வைக்காமல் கட்டடம் முழுக்கப் பரப்பிவிடுவது. எங்கும் பெண் மணம் கமழ்வதால் ஆண் அந்துவுக்கு உண்மையான பெண் எங்கே என்று தெரியாமல் போகும், சேர்க்கை குறையும், அடுத்த தலைமுறை மெலியும். பிளோடியா அந்துவுக்கு எதிராக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாவாலைகளிலும் உணவுக் கிடங்குகளிலும் இதைக் கையாள்கிறார்கள். இதில் எந்த அந்துவும் சாவதில்லை, பிறக்கவிருந்தவை பிறக்காமல் போகின்றன. பிறவாத உயிருக்கு இம்சை உண்டா என்பதைப் பண்டிதர்கள் பேசித் தீர்க்கட்டும். கிடங்குக்காரருக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று முன்னால் நிற்கிறது. அந்துக் கூட்டம் பெருகிவிட்டால் இந்த முறை எடுபடாது, மணத்தின் உதவியில்லாமலே ஆணும் பெண்ணும் முட்டிக்கொள்ளும். ஆகவே கூட்டம் சிறிதாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். சிறிதா என்று அறியப் பொறி வேண்டும். தொடங்கியபின் பொறிக்கும் கண் கட்டிவிடுகிறது. எங்கும் அதே மணம் என்பதால் ஆண் அந்து பொறியையும் கண்டுபிடிப்பதில்லை. பதிவேட்டில் 0 என்று விழுகிறது. அந்து குறைந்ததால் விழுந்த 0 அதுவா, பொறி குருடானதால் விழுந்த 0 அதுவா என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கிண்ணங்களில் தீனி வைத்து, அதில் பெண் அந்து முட்டையிடுகிறதா, இட்ட முட்டையிலிருந்து புழு வருகிறதா என்று தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.